ஷட்டருக்கு வெச்ச சந்தனம்

வாங்க, வாங்க. ஷட்டர் பாக்க வந்தவருதானுங்களே? செருப்பு இருக்கட்டும், போட்டுட்டே வாங்க, கார் ஷெட்டுதானே. என்ற பையன் கோகுல்தானே போன் பண்ணி அனுப்பிச்சான்? பாத்தீங்களா. முன்னப்பின்ன தெரியாத மெக்கானிக்கைத் தேடிப் புடிச்சுப் பேசறதுக்கு அவனுக்கு நேரமிருக்குது. பெத்த அப்பனுக்கு ஒரு போன் போட நேரமில்லை. 'பதினோரு மணிக்கு ஆள் வருவார்'னு வாட்ஸ்அப்புல ஒரே ஒரு வரி. முன்னால 'அப்பா'ன்னு ஒரு வார்த்தைகூட இல்லைங்க.

காப்பி போட்டுத் தரலாம்னா வீட்டுல ஆளில்லை. நான் போட்டா நீங்க குடிக்க மாட்டீங்க. தண்ணி அந்தச் சொம்புல இருக்குது, எடுத்துக்கோங்க.

இருங்க, இருங்க, அந்த மோட்டார் பெட்டிய இப்பவே தொறக்காதீங்க. மொதல்ல ஷட்டர் ஓடற ரெண்டு பக்கத்துச் சேனலையும் பாருங்க. விரலை வெச்சுப் பாருங்க, கிரீஸ் எப்படி இருக்குது? மாசா மாசம் நானே வெக்கறது. கரண்டு போனா இழுக்கற சங்கிலி, அதுல ஒரு பொட்டுத் துரு இருக்குதா? இருக்காதுங்க. முப்பத்திரெண்டு வருஷம் மில்லுல மெயின்டனன்ஸ் ஃபோர்மேனா இருந்தவன் நானு. நாச்சிமுத்து ஃபோர்மேன்னு சிங்காநல்லூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. என்ற ஷிஃப்ட்டுல ஒருத்தனுக்கு ஒரு நகங்கூடப் போனதில்லை. மெஷினோட மூடியைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டுன ரெண்டு பேரைச் சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி நானே எழுதிக் குடுத்திருக்கேன். கையி போனா வருமாடான்னு கேட்டேன்.

அப்படிப்பட்டவனை எல்லாருஞ் சேந்து குத்தவாளியாக்கி நடு ஷெட்டுல நிறுத்திட்டுப் போயிட்டாங்க. பையன் போயிட்டான், மருமக சிந்து போயிட்டா, மூணு வயசுப் பேத்தியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதெல்லாங்கூடப் பரவாயில்லைன்னு வெச்சுக்கோங்க. என்ற சம்சாரம் தெய்வானை, முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவ, அவளும் அவங்ககூடவே கார்ல ஏறிப் போயிட்டாளுங்க. கணபதி ஏரியாவுல வாடகை வீடு. ரெண்டு மாசமாச்சு.

எதுக்குங்கறீங்களா? இந்த ஷட்டருக்குத்தானுங்க.

இது பையன் போட்டது. பாப்பா நடக்க ஆரம்பிச்சதும் போட்டான். பட்டனை அமுக்குனா ஏறும், அமுக்குனா இறங்கும். ரெண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழ ஒரு கருப்பு டப்பி இருக்குது பாருங்க, அதை அவங்க 'கண்ணு'ன்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன். இந்தக் கண்ணு அந்தக் கண்ணைப் பாத்துட்டே இருக்கும். ஷட்டர் இறங்கறப்ப நடுவுல குழந்தையோ நாயோ வந்து மறைச்சா, உடனே நின்னு மேல ஏறிக்கும். நல்ல விஷயந்தான், நான் இல்லைங்கலை. பையன் ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிட்டான். மாசத்துக்கு ஒருக்கா கண்ணைக் காஞ்ச துணியில தொடைக்கோணும். மாசத்துக்கு ஒருக்கா சோதிச்சுப் பாக்கோணும். மருமகதான் செய்வா. மொத ஞாயித்துக்கிழமை ஷட்டரை இறக்கி விட்டுட்டு, கூட்டற சீமாத்தோட குச்சியைக் குறுக்க நீட்டுவா. ஷட்டர் நின்னு மேல போகும். பாப்பா கை தட்டும். கேலண்டர்ல ஒரு டிக்கு போடுவா. இப்படியே ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு.

போன ஆயுத பூசைக்கு அவங்க மூணு பேரும் மருமகளோட அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. வீட்டுல நானும் தெய்வானையும்தான். ஆயுத பூசைன்னா எனக்குச் சும்மா இல்லைங்க. மில்லுல அத்தனை மெஷினுக்கும் சந்தனம் வெச்சது இந்தக் கைதான். இன்னொருத்தன் வெக்கறதுக்கு விட மாட்டேன். வீட்டுலயும் அப்படித்தான். மிக்சி, கிரைண்டர், கார், அருவாமணை, தையல் கத்திரி, எல்லாத்துக்கும் வெச்சேன். ஷட்டரை விடறதா? அதுவும் மெஷின்தானே, தினம் நமக்குப் பாடுபடுது. மோட்டாருக்கு வெச்சேன். அப்புறம் பாத்தா, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல, பொட்டு வெக்கறதுக்குன்னே அளவெடுத்தாப்பல அந்த ரெண்டு டப்பி. நல்லாக் கொழைச்ச சந்தனத்தைக் கெட்டியா அப்பி, நடுவுல குங்குமம் வெச்சேன். பாக்கறதுக்கு அத்தனை அம்சமா இருந்துச்சுங்க.

சிரிக்கறீங்க பாருங்க. நீங்களும் சிரிக்கறீங்க.

அன்னைக்குப் பொழுதோட ஷட்டர் இறங்க மாட்டேங்குது. ஒரு முழம் இறங்கும், நிக்கும், மேல போயிரும். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன், மோட்டாரைத் தட்டிப் பாத்தேன், கிரீஸ் வெச்சேன். ம்ஹூம். காலையில அப்பாஸ் பாய்க்குப் போன் போட்டேன், ஷட்டர் மாட்டிக் குடுத்தவரு அவருதான். வந்தாரு, குனிஞ்சு பாத்தாரு, சிரிச்சாருங்க. "ஃபோர்மேன் சார், கண்ணுல சந்தனத்தை அப்பிட்டுப் பாக்கச் சொன்னா அது எப்படிங்க பாக்கும்?"ங்கறாரு. சரி, அவரு சிரிக்கட்டும், வேத்து ஆளு. காப்பி டம்ளரைக் கையில வெச்சுட்டு என்ற சம்சாரம் சிரிக்கறா. முந்தானையை வாயில வெச்சுட்டு, வயிறு குலுங்கச் சிரிக்கறா. ஒரு ஃபோர்மேனைப் பாத்து!

பாய் தொடைச்சுப் பாத்துட்டு, "சந்தனம் காஞ்சு உள்ள இறங்கிருச்சுங்க சார், புதுக்கண்ணுதான் மாத்தோணும், ரெண்டு நாள்ல கொண்டாறேன், அது வரைக்கும் சங்கிலியில இறக்கிக்கோங்க"ன்னாரு. ரெண்டு நாளு சங்கிலி இழுக்கறதா? தெருவே பாக்கும். கண்ணுக்குப் போற ஒயரை வெட்டி ஒண்ணா முறுக்கி விட்ருங்க, கண்ணு இல்லாமயே ஓடட்டும்னேன். "வேண்டாங்க சார், குழந்தை இருக்கற வீடு"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஃபோர்மேன் நானா, நீங்களான்னு கேட்டுட்டேன். கம்முனு முறுக்கி விட்டாரு. போறப்ப எங்கிட்டச் சொல்லலைங்க, தெய்வானைகிட்டச் சொல்லிட்டுப் போறாரு: "அம்மா, ரெண்டு நாளைக்கு ஷட்டர்கிட்டப் பாத்து நடங்க."

சொன்ன மாதிரியே ரெண்டு நாள்ல புதுக்கண்ணோட வந்தாரு. நான் வாங்கி வெச்சுகிட்டு, நானே மாட்டிக்கறேன், நீங்க போங்கன்னு அனுப்பிச்சுட்டேன். மறுபடி ஒருக்கா சிரிக்கறதுக்கு அவரை உள்ள விடோணுமா? எனக்கு மாட்டத் தெரியாதா?

ஏன் மாட்டலைன்னு கேக்கறீங்க. கேளுங்க, எல்லாரும் அதைத்தானே கேக்கறாங்க. மாட்டலாம்னுதான் இருந்தேன். அன்னைக்குப் பொழுதோட பையன் குடும்பம் வந்துருச்சு. அவங்க முன்னால மாட்டுனா எதுக்கு, என்னன்னு கேப்பாங்க. சந்தனக் கதையைத் தெய்வானை சொல்லுவா, மறுபடி ஒரு சிரிப்பு. அதனால பீரோவுல வெச்சுட்டேன். ஷட்டரும் ஜம்முனு ஓடுச்சுங்க. முன்னெல்லாம் பூனை போனா நிக்கும், இலை பறந்தா நிக்கும். இப்ப அந்தத் தொல்லையே இல்லை. தெய்வானை மூணு தடவை சொன்னா, "ஏனுங்க, அதை மாட்டிருங்க"ன்னு. ஆகட்டும், ஆகட்டும்னேன். ஒரு வேலையை ஆம்பளைகிட்டச் சொன்னா அவன் செய்வான்னு நம்போணுமுங்களா, இல்லையா?

அடுத்த மாசம் மொத ஞாயிறு. மருமக சீமாத்தை எடுத்துட்டு வந்தா. வாங்கிட்டேன் அதை. "சிந்து, இது மெஷின் வேலை, இனிமே நான் பாத்துக்கறேன்"னேன். அவ என்ன சொன்னா தெரியுமுங்களா? "சரிங்க மாமா, நீங்க பாத்துகிட்டா எனக்கு நிம்மதி"ன்னா. பாருங்க, அவளாத்தான் ஒப்படைச்சா. நான் ஒண்ணும் புடுங்கிக்கலை. நானும் மாசா மாசம் தவறாம டிக்கு போட்டேன். அந்தா, கேலண்டரைப் பாருங்க. நவம்பர், டிசம்பர் பழசுல இருக்குது. இதுல ஜனவரி, பிப்ரவரி. எல்லாம் மொத ஞாயித்துக்கிழமைதான்.

பிப்ரவரி இருவது. தெய்வானைக்குச் சக்கரை. மாத்திரை தீந்துருச்சுன்னு மருந்துக்கடைக்குக் கெளம்புனேன். அவளுக்காகத்தான் கெளம்புனேன், எனக்கில்லை. காரைத் தெருவுக்கு எடுத்தேன், எடுத்ததும் ரிமோட்டை அமுக்கிட்டேன். எப்பவும் அப்படித்தான். இறங்கி முடியற வரைக்கும் நின்னு பாக்கோணும்னு அந்தப் பேப்பர்ல எழுதியிருக்குதாம், யாருக்கு அத்தனை நேரம்? பின்னாலயே அவ ஓடி வந்திருக்கறா. "ஏனுங்க, சீட்டை மறந்துட்டீங்க"ன்னு. டாக்டர் எழுதுன சீட்டு. இறங்கற ஷட்டருக்கு அடியில குனிஞ்சு வெளிய வரப் பாத்திருக்கறா. கண்ணு இல்லைன்னு அவளுக்குத் தெரியுமுங்க! வீட்டுல எனக்கு அடுத்தபடியாத் தெரிஞ்ச ஒரே ஆளு அவ. தெரிஞ்சுட்டே எதுக்கு வர்றா? ஒரு சீட்டுக்கு!

வலது தோளு மேல இறங்கிருச்சு. அவ சத்தம் போட்டது இன்னும் கேக்குதுங்க. நான் பதட்டத்துல ரிமோட்டை அமுக்கறேன், அமுக்கறேன், அது நிக்குது, இறங்குது, நிக்குது. கடைசியில எதிர்வீட்டுக்காரரு வீட்டு வழியா உள்ள போயிச் சங்கிலியை இழுத்து மேல தூக்குனாரு. நான் தெருவுல நின்னுட்டிருந்தேன். ரிமோட்டு கையில இருந்துச்சு. சீட்டு அவ கையில இருந்துச்சு, விடலைங்க அவ.

தோள்கிட்ட எலும்பு ரெண்டா விட்டுருச்சு. பிளேட் வெச்சிருக்குது. கை தோளுக்கு மேல போகாது, இனிமே போறதும் சந்தேகந்தான்னுட்டாரு டாக்டரு. தலை சீவறதுக்குக்கூட இன்னொரு ஆளு வேணும்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல பையன் கேக்கறான், "ஏம்ப்பா, சென்சார் வேலை செய்யலையா?" மருமக நிக்கறா, அவங்கப்பா நிக்கறாரு, நர்ஸ் நிக்கறாங்க. அத்தனை பேர் முன்னால நான் என்னத்தைச் சொல்ல? வாயில வந்ததைச் சொன்னேன். "உம் பொண்டாட்டி வாரா வாரம் ஓஸ் பைப்பைப் போட்டுக் கார் ஷெட்டைக் கழுவறாளே, கண்ணுக்குள்ள தண்ணி போயிருக்கும்"னேன். அவ கழுவறது நெசந்தானுங்க. நான் இல்லாததையா சொன்னேன்? தண்ணி போறதுக்கு வாய்ப்பு இருக்குதுதானே? நீங்க மெக்கானிக்கு, நீங்களே சொல்லுங்க.

அந்தப் புள்ளை அங்கயே சுவத்துல சாஞ்சு உக்காந்துருச்சு. தெய்வானை காலைப் புடிச்சுட்டு, "அத்தை, என்னாலதான், என்னாலதான்"னு அழுகுது. வீட்டுக்கு வந்தும் அழுகுது. சோறு இறங்கலை. பாப்பாவைத் தூக்கறதுக்கே பயப்படுது. நான் சொன்னேன், நடந்தது நடந்து போச்சு, விடும்மா, நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைன்னு. அத்தனை தன்மையாத்தான் சொன்னேன்.

எட்டு நாளு. தெய்வானை படுத்துட்டு எம் மூஞ்சியவே பாத்துட்டிருப்பா. நான் உள்ள போனாலும் அதே பார்வை, வெளிய வந்தாலும் அதே பார்வை. சரி, எம் பொண்டாட்டி, என்னைக் காட்டிக் குடுக்க மாட்டான்னு நம்பிட்டிருந்தேன். முப்பத்தெட்டு வருஷமுங்க! ஒம்பதாவது நாளு, சிந்து அவளுக்குத் தலை சீவி விட்டுட்டு, மறுபடியும் அழுதிருக்கறா. தெய்வானை எந்திரிச்சு உக்காந்து, பீரோச் சாவியை எடுத்து அவ கையில குடுத்து, "மாமாவோட சட்டைக்கு அடியில ஒரு டப்பா இருக்குது, எடுத்துட்டு வா"ன்னு சொல்லிப்போட்டா.

முடிஞ்சுது. புதுக்கண்ணு, பிரிக்காத டப்பா. பையன் அந்த மோட்டார் பெட்டியைத் தொறந்து பாத்தான், முறுக்குன ஒயர் இருக்குது. கேலண்டரைப் பாத்தான், டிக்கு இருக்குது. என்னைத் திட்டலைங்க. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். "பாப்பா தினம் இங்கதான்ப்பா சைக்கிள் ஓட்டுவா"ன்னு மட்டும் சொன்னான். அன்னைக்கே துணிமணியை எடுத்துட்டான்.

தெய்வானை இருப்பான்னு நினைச்சேன். அவ கார்ல ஏறறதுக்கு முன்னால, இங்க, இதே இடத்துல நின்னு சொன்னா. "என்ற கை போனதுக்கு நான் ஒண்ணும் கேக்கலைங்க. அது நமக்குள்ள. அந்தப் புள்ளை எட்டு நாளு கெடந்து துடிச்சுதே, நீங்க சோறு தின்னுட்டே பாத்துட்டிருந்தீங்களே. அவகிட்ட உங்க வாயால சொல்லுங்க, நாந்தான் வெட்டச் சொன்னேன்னு. சொன்ன அன்னைக்கு நான் வர்றேன்"னா. எப்படி இருக்குது பாருங்க! மாமனாரு போயி மருமககிட்ட நிக்கோணுமாம். என்ற அப்பன் எங்கம்மாகிட்டக்கூட ஒரு தப்பை ஒத்துகிட்டது கெடையாது. அதுவுமில்லாம, எல்லாந்தான் தெரிஞ்சு போச்சே, இனி எதுக்கு அதை வாயால வேற சொல்லோணும்? அடக் கெரகமே, பொண்டாட்டி காட்டிக் குடுத்தா, பையன் விட்டுட்டுப் போனான், ஒயரை முறுக்குன பாய் நல்லவராயிட்டாரு, கடைசியில கெட்டவன் நான் ஒருத்தன்!

போனா? நான் போட்டுப் பாக்கலை. போட்டா எடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?

சரி, தொறங்க. பெட்டியைத் தொறங்க. அதேதான், அந்தச் செவப்பு ஒயரும் கருப்பு ஒயரும். கண்ணு வாங்கப் போக வேண்டாம், இந்தாங்க, இதுதான் அந்த டப்பா. நீங்களே பிரிங்க. நான் பிரிக்கலை.

அட, இத்தனைதானா வேலை? கால் மணி நேரங்கூட ஆகலையே. ரெண்டு ஸ்க்ரூ, நாலு ஒயரு. நான் என்னமோ... சரி விடுங்க.

இருங்க, சோதிச்சுப் பாக்கறதுக்குச் சீமாறு நான் எடுத்துட்டு வர்றேன். அது பாப்பா சைக்கிளுக்குப் பின்னாலதான் இருக்குது, எங்கயும் போகலை. ம், அமுக்குங்க. இறங்குது. இப்ப நீட்டறேன். பாருங்க... நின்னுருச்சு. மேல போகுது. இன்னொருக்கா அமுக்குங்க. இன்னொருக்கா. தொடவே இல்லை பாருங்க, சீமாத்துக் குச்சியை அது தொடக்கூட இல்லை. தூசி மாதிரி ஒரு குச்சி. அதுக்கே நிக்குது.

ஏனுங்க, ஒரு ஒத்தாசை. போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்புவீங்கதானே. அதுல பழைய கண்ணுல தண்ணி எறங்குன அடையாளமும் இருந்துச்சுன்னு ஒரு வரி சேத்து எழுதிருங்களேன். வெட்டுனது வெட்டுனதுதான், இருந்தாலும் தண்ணியும் ஒரு காரணம்னு. நீங்க சொன்னா நம்புவாங்க. என்னங்க தலையை ஆட்டறீங்க? தண்ணியே போகலையா? நல்லாப் பாத்தீங்களா? ஒரு சொட்டுக்கூடவா?

சரி. நீங்களும் அவங்க பக்கந்தான். வந்து ஒரு மணி நேரந்தான் ஆகுது, அதுக்குள்ள நீங்களும்.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்க. யாரு, சிந்துவா? வேலை முடிஞ்சுதான்னு கேக்கறாளா? முடிஞ்சுதுன்னு சொல்லுங்க. எங்கிட்டயா? எங்கிட்ட எதுக்கு? ...குடுங்க.

ஹலோ. நாந்தாம்மா. ம். ஆச்சு, மாட்டியாச்சு. சீமாத்தை நீட்டிப் பாத்தேன், நிக்குது. ...சாப்பிட்டேன். இல்ல, நேத்து வெச்ச ரசம் இருந்துச்சு. ...அத்தைக்குக் கை எப்படி... ம். ம். அப்புறம் சிந்து, மெக்கானிக் சொல்றாரு, தண்ணியெல்லாம் உள்ள போகலையாம். ஆமா. ஒரு சொட்டுக்கூடப் போகலையாம். ...அவரு சொல்றாரும்மா. சரி, வெச்சர்றேன்.

இந்தாங்க உங்க போனு. கட் ஆயிருச்சு.

அவ என்ன கேட்டா தெரியுமுங்களா? "சாப்பிட்டீங்களா மாமா"ங்கறா. இத்தனை நடந்தும் அந்தப் புள்ளை எங்கிட்டச் சாப்பாட்டைக் கேக்குதுங்க. கோவமாப் பேசியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

வேண்டாம், ஷட்டரை இறக்காதீங்க. தொறந்தே இருக்கட்டும். கரண்டு போற நேரத்துல தெய்வானை வந்தான்னா, அந்தக் கையை வெச்சுட்டுச் சங்கிலி இழுக்க வராது.

என்னங்க, பையை எடுத்துட்டீங்க? சித்த இருங்க. அந்த நம்பரை இன்னொருக்காப் போட்டுக் குடுங்க. மெக்கானிக் சொல்றாருன்னு நான் சொன்னது தப்பு. நீங்க எதுக்குச் சொல்லோணும், நாந்தானே சொல்லோணும்.

ரிங்கு போகுது. நீங்க சித்த வெளிய போயி நில்லுங்க.